ஒலிக்காத ஓர் எழுத்து

கம்போடியாவில் ‘இரண்டு’ என்பதற்குப் ‘பீ’ என்கிறார்கள். ஆனால், எழுதும்போது மட்டும் சொல்லின் கடைசியில் ஒரு ரகரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. புனோம்பென் நகரத்தார் அதை உச்சரிப்பதில்லை. காலஞ்சென்ற தாத்தாவின் நாற்காலியைக் கூடத்திலிருந்து எடுக்க மனம் வராத வீட்டாரைப் போல, அந்த எழுத்தை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள்.

நாற்காலி இருந்தால், தாத்தாவும் இருந்திருக்க வேண்டும் அல்லவா? இருந்தார். பழைய கெமர் கல்வெட்டுகளில் அந்தச் சொல் ‘வ்யார்’ என்றே காணப்படுகிறது.

இதைவிட வியப்பான சாட்சி நம் நாட்டிலேயே உண்டு. ஜார்க்கண்டின் சந்தால் மக்கள் ‘மித், பார், பே, போன்’ என்று எண்ணுகிறார்கள். கம்போடியர் எண்ணுவது ‘முவாய், பீ, பை, புவன்’. சந்தால்களுக்கென்று ரகுநாத் முர்மு தனி எழுத்தை அமைத்தது 1925-இல்தான். அவர்களிடம் கல்வெட்டு இல்லை. ஆனால், கல் காத்த ரகரத்தை அவர்கள் நாக்கு காத்திருக்கிறது! மேகாலயத்துக் காசி மக்களும் ‘ஆர்’ என்கிறார்கள். வியட்நாமில் அந்த ரகரம் யகரமாக இளகி, ‘ஹாய்’ ஆகிவிட்டது.

1906-இல் வில்ஹெல்ம் ஷ்மிட் என்ற பாதிரியார் இந்த மொழிகளை ஒன்று சேர்த்து ‘ஆஸ்திரோ ஆசியக் குடும்பம்’ என்று பெயரிட்டார்.

‘எண்களைக் கடன் வாங்கக்கூடாதா?’ என்று நீங்கள் கேட்கலாம். வாங்கலாம். கம்போடியர் முப்பது முதல் தொண்ணூறு வரை பத்துப் பத்தாய் எண்ணும் சொற்கள் தாய்லாந்திலிருந்து வந்தவையே. சந்தையில் புழங்கும் பெரிய எண்கள் எளிதில் கை மாறும். ஆகவே ஆராய்ச்சியாளர்கள் ஒலி ஒற்றுமையை மட்டும் நம்புவதில்லை. மாறுதலில் ஒழுங்கு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். வியட்நாமில் வேறு சொற்களின் கடைசி ரகரமும் யகரமாகியிருக்கிறது. ஒற்றுமை தற்செயலாக நேரலாம். ஒழுங்கு அப்படி நேராது.

இப்படி எல்லாச் சாட்சியங்களையும் கூட்டி, மூதாதையின் ‘இரண்டு’ ஏறக்குறையப் ‘பார்’ என்று முடிவு கட்டுகிறார்கள். அதை எழுதும்போது முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள். ‘இச்சொல்லை நாங்கள் எந்த ஏட்டிலும் கண்டதில்லை; ஊகித்தோம்’ என்பது அதன் பொருள்.

ராஜாக்களின் அந்தரங்கப் பேச்சையெல்லாம் கூசாமல் எழுதிவிடுகிற கதாசிரியனாகிய எனக்கு, அந்தச் சின்ன நட்சத்திரத்தைப் பார்த்தால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.