மதிப்பெண்ணும் மக்கள் தீர்ப்பும்

காணத்தகும் படம் எதுவென்பதை விமரிசகர் இடும் மதிப்பெண் முடிவு செய்யலாமா?

1975 ஆகஸ்டு 15 அன்று வெளிவந்த 'ஷோலே' இந்திப் படத்தை விமரிசகர் பலர் கடிந்தே எழுதினர். தொடக்கத்தில் வணிக வட்டாரமும் கைவிரித்தது. ஆயினும், பார்த்தவர் பாராதவர்க்குச் சொல்லச் சொல்ல, பம்பாய் மினர்வா அரங்கில் அது ஐந்தாண்டுகள் ஓடிற்று.

மூன்றாண்டு கழித்து, அதே ஆகஸ்டு 15-இல் தமிழகத்தில் வெளியான மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' படத்துக்கும் முதலிற் கூட்டமில்லை. இங்கோ விமரிசனம் துணைநின்றது. ஆனந்த விகடன் 61 மதிப்பெண் அளித்தது. பள்ளித் தேர்வில் இது பெரிதன்று. ஆனால் மதிப்பெண் வழங்குவதில் விகடனின் கை இறுக்கமானது. 1977-இல் '16 வயதினிலே' பெற்றதே 62.5தான்! இவ்வழக்கம் அறியாதவர், எண்ணை மட்டும் கண்டு, நடுத்தரப் படமென ஒதுக்கியிருப்பர்.

வெளிமாநிலத் தமிழர்க்கு ஞாயிறு காலைக் காட்சி ஒன்றே வாய்த்த நாள்களில், தவறிய படம் தவறியதுதான். அவர்கள் எண்ணை நம்பியதைக் குறைகூற மாட்டேன். எனினும் எண்ணுக்கு முன்னுள்ள பத்திகளே உற்ற துணை என்பேன். 'ஷோலே'யைக் கடிந்த விமரிசனங்கூட, குழந்தைகளை உடனழைத்துச் செல்லலாமா என்று தயங்கிய தாய்க்கு உதவியிருக்கும்.