கடனில் பிறந்த கணக்கு

"இந்த எக்ஸ் எங்களுக்கு எதுக்கு சேர்?" இறம்பொடையில் தோட்டத்துப் பிள்ளைகளும் கடைக்காரர் பிள்ளைகளும் தமிழ் படிப்பிக்கும் என்னிடமும் கேட்பார்கள். பதில் வரலாற்றில் இருக்கிறது.

கலீபா அல் மஃமூன் காலத்தில் (கி.பி. 813 - 833) பக்தாதில் அல் குவாரிஸ்மி 'அல்ஜப்ர் வல்முகாபலா' நூலை எழுதினார். வாரிசுரிமை, பங்கீடு, வழக்கு, வியாபாரம் என்று மக்களுக்கு அன்றாடம் தேவைப்படும் கணக்குக்காகவே எழுதியதாக முன்னுரையில் சொல்கிறார்.

அதிலொன்று: ஒருவர் மௌத்தாகிறார். கையிருப்பு 10 திர்ஹம். இரு மகன்மாரில் ஒருவர் தகப்பனுக்கு 10 திர்ஹம் கடன். மூன்றிலொன்று வெளியாளுக்கு வசிய்யத். கடன்காரன் கடனில் கழியும் பங்கை 'ஷைஉ', அதாவது 'பொருள்' என்கிறார் அல் குவாரிஸ்மி. 10உடன் அப்பொருளைக் கூட்டி மூன்றாக்கினால் ஒரு பங்கு அதே பொருள். ஆகவே இரண்டு பொருள் 10. ஒரு பொருள் 5.

நூலில் குறியீடே இல்லை, எல்லாம் வசனம்தான். நம் கடைக் கொப்பியிலும் அப்படித்தான். 2 கிலோ மாவும் 1 கிலோ சீனியும் 640 ரூபா, ஒவ்வொரு கிலோ வாங்கினால் 440 என்றால், மா 200 என்று பிள்ளை உடனே சொல்லும். அட்சரகணிதம் அதுதான். சம்பளச் சிட்டையையும் கடைக் கொப்பியையும் தானே பார்த்துச் சரிபிழை சொல்லத் தெரிந்த பிள்ளையை ஏமாற்றுவது லேசில்லை.