அஞ்சுக்கு அஞ்சு

முதலில் உங்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை. பயப்பட வேண்டாம், ஒரே ஒரு வரிதான்.

'மொடுக்கன் நேற்றுக் காலை துவிரியில் மூன்று கிலாப்புகளைச் சிண்டினான்.'

படித்துவிட்டீர்களா? இப்போது கேள்விகள். சிண்டியது யார்? எங்கே சிண்டினான்? எப்போது? எத்தனை கிலாப்புகளை?

மொடுக்கன். துவிரியில். நேற்றுக் காலை. மூன்று. அட, நாலுக்கு நாலு! கை கொடுங்கள். ஆனால், கிலாப்பு என்றால் என்ன? உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. காபி ஆறுவதற்குள் நான் இட்டுக்கட்டிய வார்த்தை அது.

திருத்தணியில் ஒரு நண்பரின் வீட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் இந்த விளையாட்டு மண்டையில் உதித்தது. நண்பரின் மகள் பத்தாம் வகுப்பு. மடியில் பரீட்சை அட்டையை வைத்துக்கொண்டு ஆங்கில 'காம்ப்ரிஹென்ஷன்' பயிற்சி செய்துகொண்டிருந்தாள். ஒரு பாசேஜ், கீழே ஐந்து கேள்விகள். நாலே நிமிஷத்தில் முடித்துவிட்டாள். எப்படி இவ்வளவு வேகம் என்று கேட்டேன்.

"பாசேஜைப் படிக்கவே கூடாது அங்கிள். முதல்ல கேள்வியைப் பார்க்கணும். அதுல இருக்கிற வார்த்தை மேல எங்க வருதுன்னு தேடணும். அந்த வரியை அப்படியே எடுத்து எழுதிடணும். டியூஷன்ல சொன்னாங்க."

"சரிம்மா, பாசேஜ் எதைப் பத்தி?"

போர்ஷனில் இல்லாததைக் கேட்டுவிட்டது போல என்னைப் பார்த்தாள். "ஏதோ லைட்ஹவுஸ்னு வருது."

"லைட்ஹவுஸ்னா?"

"லைட் போட்ட ஹவுஸ்..?" என்று இழுத்தவள், உடனே சமாளித்தாள். "அது தெரியாது அங்கிள். ஆனா அஞ்சுக்கு அஞ்சு வந்துடும்."

வந்துவிட்டது. விடைகளைச் சரிபார்த்தேன். ஒரு மார்க் குறைக்க வழியில்லை!

அந்தப் பெண்ணைச் சொல்லிக் குற்றமில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் எனக்கும் இதே வித்தையைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு பி.காம். சேர்ந்தபோதுதான் இதற்கு ஒரு பெயர் இருப்பது தெரிந்தது. ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. புது மிஷின் வாங்கிய பணத்தை ரிப்பேர் செலவில் எழுதி வைத்தாலும் இரண்டு பக்கமும் ஜம்மென்று டேலி ஆகும். தப்பு உள்ளே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கும்.

இத்தனைக்கும், மனப்பாடத்தை ஒழித்துக்கட்டத்தான் இந்த பாசேஜ் என்கிற சமாசாரமே வந்தது. அந்தக் கதையைப் பார்ப்போம்.

1835 பிப்ரவரி 2ஆம் தேதி மெக்காலே தன் குறிப்பை எழுதினார். அது எல்லோருக்கும் தெரியும். அதைவிட நம் ஊர்களின் தலையெழுத்தை மாற்றியது, 1844இல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் போட்ட உத்தரவு. அரசாங்க உத்தியோகத்தில் ஆங்கிலம் படித்தவனுக்கு முன்னுரிமை. அவ்வளவுதான், ஆங்கிலம் மொழியாக இருந்தது போய் உத்தியோகமாக ஆகிவிட்டது. ஜனவரி முதல் தேதி வெள்ளைக்கார துரைகளைப் பார்த்துக் கும்பிடு போடுவது ஒரு சடங்காகவே இருந்த காலம் உண்டு. 'அந்த துரையை ஏன் பார்க்கிறீர்கள், தணிகை துரையைப் பார்க்க வாருங்கள்' என்று வள்ளிமலை சுவாமிகள் ஜனங்களைத் திருப்பிவிட்டதுதான் திருத்தணியின் படித் திருவிழா. இன்றைக்கும் டிசம்பர் 31 ராத்திரி 365 படிகளிலும் கூட்டம் நெரிகிறது.

1857 செப்டம்பர் 5ஆம் தேதி சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது. கூடவே மெட்ரிகுலேஷன் பரீட்சை. தேதியைக் கவனித்தீர்களா? சரியாக 31 வருஷம் கழித்து, 1888இல், அதே செப்டம்பர் 5 அன்று திருத்தணியில் ஒரு குழந்தை பிறந்தது. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழும் தெலுங்கும், பரீட்சையில் ஆங்கிலம். திருத்தணியில் ஆரம்பப் பள்ளி, திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளி, வேலூரில் ஊரிஸ் கல்லூரி, பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி, கடைசியில் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர். பரீட்சைகளின் ஏணியில் அவரைவிட உயரம் ஏறியவர்கள் குறைவு. அப்படிப்பட்டவர் 1948-49இல் பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்குத் தலைமை வகித்தபோது என்ன சொன்னார் தெரியுமா? ஒரே ஒரு சீர்திருத்தம்தான் செய்யலாம் என்றால், அதைத் தேர்வுமுறையில் செய்யுங்கள் என்றது அவர் குழுவின் அறிக்கை.

புகார் புதிதும் அல்ல. கர்சன் காலத்தில், 1902இல், பல்கலைக்கழகங்களை ஆராய்ந்த கமிஷனே மாணவர்கள் 'கீ' புத்தகங்களை வாங்கி உருப்போடுவதைப் பற்றிப் புலம்பியிருக்கிறது. பாஸ் செய்தால் குமாஸ்தா வேலை, ஃபெயில் ஆனால் ஏர் என்று இருந்தால் எவன்தான் உருப்போட மாட்டான்? சரி, பாடப்புத்தகத்திலேயே இல்லாத ஒரு பத்தியைக் கொடுத்துவிட்டால்? அப்போது எதை மனப்பாடம் செய்வான்? பாசேஜின் தத்துவமே இந்த மடக்கல்தான்.

அதே காலத்தில் அமெரிக்காவிலும் வேலை நடந்துகொண்டிருந்தது. 1915வாக்கில் ஃபிரெடரிக் கெல்லி என்பவர் 'கான்சாஸ் சைலன்ட் ரீடிங் டெஸ்ட்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார். வாயை மூடிக்கொண்டு படி, பதிலை டிக் செய். இன்றைக்கு நீட் வரைக்கும் நம் பிள்ளைகளை ஆட்டிப்படைக்கும் 'சரியான விடையைத் தேர்ந்தெடு' கேள்விக்குத் தாத்தா அதுதான்.

இரண்டு வருஷம் கழித்து, 1917இல், எட்வர்ட் தார்ன்டைக் என்ற உளவியல்காரர் ஒரு காரியம் செய்தார். பிள்ளைகள் எழுதிய சரியான விடைகளை விட்டுவிட்டு, தப்பான விடைகளைக் கூட்டிப் பெருக்கி எடுத்து வைத்துக்கொண்டு ஆராய்ந்தார். பத்தி ரொம்பச் சாதாரணமானது. பிராங்க்ளின் என்ற ஊரில் ஏழிலிருந்து பதினாலு வயது வரைக்கும் பிள்ளைகள் கட்டாயம் பள்ளிக்கு வர வேண்டும். உடம்பு சரியில்லை, வீட்டில் யாருக்காவது தொற்று நோய், பாதை போக முடியாதபடி இருக்கிறது என்றால் மட்டும் விலக்கு. இந்தப் பத்தி எதைப் பற்றியது என்ற கேள்விக்குச் சில பிள்ளைகள் எழுதிய பதில், 'பிராங்க்ளின்'.

நம்ம 'லைட்ஹவுஸ்' ஞாபகம் வருகிறதா? ஏதோ ஒரு வார்த்தை பளிச்சென்று கண்ணில் பட்டு, மற்ற எல்லா வார்த்தைகளையும் அமுக்கிவிடுகிறது. தார்ன்டைக் சொன்ன முடிவு இது: ஒரு பத்தியைப் புரிந்துகொள்வது கணக்குப் போடுவது மாதிரி. எந்த வார்த்தைக்கு எவ்வளவு எடை, எது எதோடு சேரும் என்று மனசு நிறுத்துப் பார்க்க வேண்டும். அதனால் சத்தம் போட்டு வாசிக்க வைப்பதைக் குறைத்து, யோசித்துப் படிக்க வையுங்கள் என்றார்.

இதெல்லாம் சொந்த மொழியில் படிக்கிற பிள்ளைகளின் கதை. நம்மைப் போல வேறொரு மொழியில் மல்லுக்கட்டும் பிள்ளைகளைப் பற்றி யோசித்தவர் மைக்கேல் வெஸ்ட். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை நடத்தியவர். 1926இல் வங்காளப் பிள்ளைகளை வைத்து அவர் எழுதிய அறிக்கையில் ஒரு வார்த்தை வருகிறது, காமர்ஸ் படித்த எனக்கு அதைப் பார்த்ததும் கண் விரிந்துவிட்டது. 'சரண்டர் வேல்யூ'! எல்.ஐ.சி. பாலிசியை நடுவில் முறித்தால் கைக்கு என்ன வரும் என்று பார்ப்போமே, அதேதான். பெரும்பாலான பிள்ளைகள் படிப்பைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். நின்றவன் கையில் என்ன மிஞ்சுகிறது? அரைகுறையாகப் பேசக் கற்றது உதவாது. ஆனால் எளிய புத்தகம் ஒன்றைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்தால், எந்த வகுப்பில் நின்றாலும் அது அவன் சொத்து. இதுதான் வெஸ்ட்டின் கணக்கு. அபூர்வமான வார்த்தைகளைத் தூக்கிவிட்டு, அடிக்கடி வருகிற வார்த்தைகளை வைத்தே வாசகங்கள் எழுதினார். 1935இல் வந்த அவருடைய அகராதி, 24,000 சொற்களுக்கு வெறும் 1,490 சொற்களைக் கொண்டே அர்த்தம் சொன்னது.

திருத்தணிக்கு அப்போது வேறு சண்டை. 1953இல் ஆந்திரா பிரிந்தபோது, சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி.யின் எல்லைப் போராட்டம், சிறை, படாஸ்கர் தீர்ப்பு எல்லாம் கடந்து 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தது. முதல் நாள் வரைக்கும் ஹைதராபாத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடம், விடிந்தால் சென்னையைப் பார்த்தது. அந்த நேரம் சென்னை ராஜ்யத்தில் ஆங்கிலத்துக்கு ஒரு பெரும் படையெடுப்பு. கீழ் வகுப்புகளுக்கு ஆங்கிலம் நடத்தும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபடி பயிற்சி. சிலருக்குச் சொல்லிக்கொடு, அவர்கள் பலருக்குச் சொல்லிக்கொடுக்கட்டும் என்று உருண்டு பெருகியதால் அதற்கு 'மெட்ராஸ் ஸ்நோபால்' என்றே பெயர். பனியே பார்க்காத ஊரில் பனிப்பந்து! ஆசிரியர்களுக்குக் கொடுத்தது வாக்கிய அமைப்புகளை வரிசை போட்டுத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கும் முறை. பிள்ளைகள் கோரஸாகச் சொன்னார்கள். புரிந்துதான் சொன்னார்களா?

அந்தச் சந்தேகம் வந்தவர் என்.எஸ். பிரபு. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்தவர். 1979இலிருந்து 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் என்று சில சாதாரணப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். உலகத்து ஆங்கில ஆசிரியர்கள் இன்றைக்கும் 'பெங்களூர் புராஜெக்ட்' என்று பேசுவது இதைத்தான். இலக்கணப் பாடம் கிடையாது, கோரஸ் கிடையாது. ரயில்வே டைம்டேபிளைக் கொடு. 'இன்னாருக்கு இத்தனை மணிக்கு அந்த ஊரில் வேலை. எந்த ரயிலைப் பிடிக்க வேண்டும்?' என்று கேள். ஊர் வரைபடத்தைக் கொடு, வழி கேள். முதலில் ஆசிரியர் ஒன்றை வகுப்போடு சேர்ந்து போட்டுக் காட்டுவார், அடுத்ததைப் பிள்ளை தனியாகப் போட வேண்டும். விடை எந்த வரியிலும் இருக்காது. இரண்டு தகவலை மோதவிட்டால்தான் வரும். பிரபு வைத்திருந்த அளவுகோல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வகுப்பில் பாதிப் பேருக்குக் கணக்கில் பாதியாவது சரியாக வர வேண்டும். எல்லோரும் நூற்றுக்கு நூறு வாங்கினால் கொடுத்த வேலை லாயக்கில்லை!

நம் ஊரில் நடந்த சோதனை. உலகம் எடுத்துக்கொண்டது, நாம் கைடு வாங்கினோம்.

அதற்கான பில் 2011 டிசம்பரில் வந்தது. 15 வயதுப் பிள்ளைகளை நாடு நாடாகச் சோதிக்கும் 'பிசா' தேர்வில் இந்தியாவிலிருந்து கலந்துகொண்டவை தமிழ்நாடும் ஹிமாச்சலப் பிரதேசமும் மட்டும். 74 இடங்களில் இரண்டும் 72, 73. நமக்குக் கீழே இருந்தது கிர்கிஸ்தான் மட்டுமே. வாசித்துப் புரிந்துகொள்வதில் அடிப்படை நிலையை எட்டிய தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நூற்றுக்கு 17 பேர். வளர்ந்த நாடுகளின் சராசரி 81. கேள்விகள் நம் பிள்ளைகளின் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று ஒரு சமாதானம் சொல்லப்பட்டது. அதில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். ஆனால் அடுத்து வந்த 2012, 2015, 2018 சுற்றுகளில் இந்தியா கலந்துகொள்ளவே இல்லை. தெர்மாமீட்டரைத் தூக்கி எறிந்தால் ஜுரம் விட்டுவிடுமா, சொல்லுங்கள். 2023இல் 'அசர்' அமைப்பு கிராமப்புற இந்தியாவில் 14லிருந்து 18 வயது வரையிலான பிள்ளைகளைச் சோதித்தது. 57.3 சதவீதம் பேர் ஆங்கில வாக்கியங்களைப் படித்துவிட்டார்கள். அப்படிப் படித்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு அர்த்தம் சொல்லத் தெரியவில்லை. கிலாப்பு, துவிரி!

நண்பர் வீட்டுக்குத் திரும்புகிறேன். பிரபுவை மனசில் வைத்துக்கொண்டு, ஒரு தாளில் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன். 'கோயிலுக்கு 365 படி. பாட்டி நூறு படி ஏறப் பத்து நிமிஷம் ஆகும். ஒவ்வொரு ஐம்பது படிக்கும் ஐந்து நிமிஷம் உட்காருவாள். ஏழரைக்கு ஏற ஆரம்பிக்கிறாள். நடை எட்டே முக்காலுக்குச் சாத்துவார்கள். அடிவாரத்தில் தேங்காய் வாங்க ஐந்து நிமிஷம் நின்றால் தரிசனம் கிடைக்குமா?' (நடை சாத்தும் நேரம் என் கற்பனை. நம்பிக் கிளம்பிவிடாதீர்கள்.)

வழக்கம்போல முதலில் கேள்வியைப் பார்த்தாள். 'தேங்காய்' என்ற வார்த்தையைத் தேடினாள். அது கேள்வியில் மட்டும்தான் இருந்தது. முகம் மாறியது. "இதுல ஆன்சரே இல்ல அங்கிள்!" என்றாள். நான் பேசாமல் இருந்தேன். மறுபடி முதல் வரியிலிருந்து வந்தாள். 'ஒவ்வொரு' என்பதை முதலில் விட்டுவிட்டாள், ஒரே ஒரு தடவை உட்கார வைத்தாள். பிறகு பிடித்துக்கொண்டாள். ஓரத்தில் கூட்டல், பெருக்கல். இருபது நிமிஷம் ஆனது.

"தேங்காய் வாங்கலன்னா எட்டு நாப்பத்தொண்ணரைக்குப் போயிடுவாங்க. வாங்கினா எட்டு நாப்பத்தாறரை. நடை சாத்திடும்." நிறுத்தி, கொஞ்சம் யோசித்து, "பாட்டி தேங்காயை மேல வாங்கிக்கலாம்ல? மேலயும் கடை இருக்கே" என்றாள்.

நண்பர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. ஓரமாகத் தள்ளி வைத்திருந்த பழைய தாளை இழுத்து, அஞ்சுக்கு அஞ்சு வாங்கிய அந்தப் பாசேஜை மேலிருந்து விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்தாள். நாலாவது வரியில் விரல் நின்றது.

"அங்கிள்... இந்த வீடு கடலுக்குள்ளயா இருக்கு?"