பூஞ்சை காட்டிய மூன்றாவது டியூபுலின்

உயிரணு இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களைப் பங்கு பிரித்து இரு பக்கமும் கொண்டுசேர்ப்பவை நுண்குழல்கள். ஆல்பா, பீட்டா என்னும் இரண்டு டியூபுலின் புரதங்கள் ஜோடி சேர்ந்து அடுக்கடுக்காக எழும்பி, 25 நானோமீட்டர் பருமனுள்ள குழலாகின்றன. விலங்கு உயிரணுவில் இவை பெரும்பாலும் சென்ட்ரோசோம் என்னும் மையத்திலிருந்து கிளம்புகின்றன. ஜெர்மானிய அறிஞர் தியோடர் போவேரி 1888-லேயே அதற்குப் பெயர் வைத்துவிட்டார். ஆனால் அங்கே குழலுக்கு அடியெடுத்துக் கொடுப்பது எது? நடுவில் இருக்கும் சென்ட்ரியோல்கள் அல்ல, அவற்றைச் சுற்றி அப்பியிருக்கும், எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வெறும் கறையாகத் தெரியும் பொருள்தான் என்று 1977-இல் கூல்டு, போரிசி என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். கறைக்குள் இருந்த புரதம் மட்டும் பிடிபடவில்லை.

பிடித்துக் கொடுத்தது, சென்ட்ரியோலே இல்லாத ஒரு பூஞ்சை.

ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பெர்ல் ஓக்லியும் எலிசபெத் ஓக்லியும் ஆஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸ் என்ற பூஞ்சையை வளர்த்துவந்தார்கள். அதில் ஒரு வகைக்குப் பீட்டா டியூபுலின் மரபணுவில் பிழை. சூடு ஏறினால் அதன் நுண்குழல்கள் கலைய மறுக்கும், வளர்ச்சி நின்றுவிடும். அப்படிச் சூட்டில் வைத்த தட்டில் எல்லாம் முடங்கிக் கிடக்க, அபூர்வமாக ஒன்றிரண்டு மட்டும் தழைத்து வரும். பழைய பிழை அப்படியே இருக்க, வேறொரு மரபணுவில் ஏற்பட்ட மாற்றம் அதை ஈடுகட்டியிருக்கும். நுண்குழலோடு நெருங்கிப் பழகும் புரதத்தால்தான் இப்படி ஈடுகட்ட முடியும் என்பது அவர்கள் கணக்கு. உன் கூட்டாளி யார் என்று அந்த உயிரையே சொல்லவைத்த இந்த வழியைவிட அழகான சோதனை உயிரணு ஆய்வில் அதிகம் இல்லை என்பேன்.

தப்பிப் பிழைத்தவற்றில் சில ஆல்பா டியூபுலினைக் காட்டின. அது எதிர்பார்த்ததுதான். ஒன்று, யாரும் அறியாத மரபணுவைக் காட்டியது. அதன் வரிசையைப் படித்தால் அதுவும் டியூபுலின்! ஆனால் ஆல்பாவும் அல்ல, பீட்டாவும் அல்ல. 1989-இல் காமா டியூபுலின் என்ற பெயரோடு அது ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. அதை நீக்கினால் பூஞ்சையின் உட்கரு பிரிய முடியவில்லை என்பது மறு ஆண்டே தெரிந்தது. 1991-க்குள் விலங்குகளின் சென்ட்ரோசோமிலும் அதே புரதம் அகப்பட்டது.

அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 1995 வரை பொறுக்க வேண்டியிருந்தது. ஓக்லியின் ஆய்வகத்தில் பயின்ற யிஷியான் ஷெங், தவளை முட்டைச் சாற்றிலிருந்து காமா டியூபுலினைத் துணைப் புரதங்களோடு சேர்த்துப் பிரித்தெடுத்தார். நட்டுக்கு அடியில் போடும் ஸ்பிரிங் வாஷரைப் போல, வாய் கூடாத வளையம் அது. ஆல்பா–பீட்டா ஜோடிகள் தாமாகக் கூடிக் குழலாகத் தொடங்குவது கடினம். வளையம் அடியில் இருந்தால் அதன்மேல் வரிசை கட்டிவிடுகின்றன. பெரிசென்ட்ரின் போன்ற புரதங்கள் அந்த வளையங்களைச் சென்ட்ரோசோமில் நிறுத்திவைக்கின்றன.

2020-ஐ ஒட்டி உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கி வளையத்தைக் கூர்மையாகப் படம்பிடித்தது. 14 காமா டியூபுலின்கள் இருந்தன. அவற்றோடு, ஒருவரும் எதிர்பாராத ஆக்டின் மூலக்கூறு ஒன்றும் வளையத்துக்குள் உட்கார்ந்திருந்தது. உயிரணுவின் இன்னொரு இழைக் கட்டமைப்பைச் சேர்ந்த புரதம் அது.