குறுந்தகட்டில் எதைச் சேர்ப்பது?

2005 ஏப்ரலில் மத்திய அரசு ஓர் இலவசத் தமிழ் மென்பொருள் குறுந்தகடு வெளியிட்டது பலருக்கு நினைவிருக்கும். தயாநிதி மாறன் அப்போது தகவல் தொழில்நுட்ப அமைச்சர். தயாரித்தது சி-டாக். எழுத்துருக்கள், விசைப்பலகைக்கான மென்பொருள், பழைய எழுத்துருவில் அடித்ததை மாற்றித் தரும் கருவி, கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் பாரதீய ஓபன் ஆபீஸ், ஃபயர்ஃபாக்ஸ், மின்னஞ்சல், அகராதி, பிழைதிருத்தி, அச்சிட்ட தாளைப் படிக்கும் மென்பொருள்கூட அதில் இருந்தது. கல்யாணச் சீர்வரிசைத் தட்டு மாதிரி!

ஆனால் ஆபீஸில் உட்கார்ந்து தமிழ் அடிப்பவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: என் கை பழகிய விசைப்பலகை இதில் உண்டா?

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா, 247 எழுத்துக்களை 50-க்கும் குறைவான விசைகளில் அடக்கவேண்டிய கட்டாயத்தில் இருந்தார். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற கேள்வி அவருக்குத்தான் உண்மையில் கடினம். நகரா விசை கைகொடுத்தது. புள்ளியைத் தட்டினால் வண்டி நகராது. பிறகு 'க' தட்டினால் புள்ளிக்குக் கீழேயே விழுந்து 'க்' ஆகும். பிரெஞ்சு டைப்ரைட்டரில் எழுத்தின் தலைமேல் வைக்கும் தொப்பிக் குறிக்கும் இதே ஏற்பாடுதான். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அதனால் இது சட்டென்று பிடிபட்டது.

'கொ' வேண்டுமென்றால் கொம்பு, 'க', கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடிக்கவேண்டும். லோயர், ஹையர் பாஸ் செய்து வேலைக்கு வந்தவர்கள் விரல்களில் ஊறியது அந்த வரிசை.

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணையம் 99 மாநாடு நடந்தது. அதன் பயனாக, அவ்வாண்டே தமிழ்99 விசைப்பலகையை அரசு தரமாக ஏற்றது. நல்ல அமைப்பு, மறுக்கமாட்டேன். உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். 'க' அடித்து 'ஒ' அடித்தால் 'கொ'. இரண்டு 'க' அடுத்தடுத்து அடித்தால் புள்ளி தானாக விழும். புதிதாகக் கற்பவருக்கு இதைவிட எளிது இல்லை. முப்பது வருஷம் கொம்பை முதலில் அடித்தவரோ மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்கவேண்டும்.

அடுத்த சில ஆண்டுகளில் நியூ ஹொரைசன் மீடியா இலவசமாகத் தந்த என்எச்எம் ரைட்டர், அளவில் மிகச் சிறியது. அகராதி இல்லை, உலாவி இல்லை. தமிழ்99, ஆங்கில ஒலிப்பு முறை, இலங்கைக்காரர்களின் பாமினி, பழைய டைப்ரைட்டர் முறை எல்லாம் இருந்தன. எனக்குக் கேட்டால், சீர்வரிசைத் தட்டைவிட இதுவே கெட்டிக்காரத்தனமான தேர்வு.

பழைய முறையைச் சேர்ப்பது சும்மா ஒரு பட்டியலில் பெயர் கூட்டுவதும் அல்ல. யூனிகோடில் மெய் முதலில், கொம்பு பின்னால் பதிவாகும். கை கொம்பை முதலில் தட்டுகிறது. 'க' வரும்வரை கொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வந்ததும் இடம் மாற்றி வைக்கிறது மென்பொருள். அடிப்பவருக்கு இது தெரியவே தெரியாது.