பூங்காவும் அச்சகமும்



மயிலாப்பூரில் பழமையைப் பேணுவது என்றதும் பலர் கைகாட்டுவது லஸ் நாகேஸ்வரராவ் பூங்காவை. குட்டையாகக் கிடந்த நிலம் அது. அமிர்தாஞ்சன் நிறுவனர் காசிநாதுனி நாகேஸ்வரராவின் பெயரில் பூங்காவாயிற்று. இன்று சுந்தரம் பைனான்ஸ் பராமரிக்கிறது. மரமும் நடைபாதையும் ஒழுங்காக உள்ளன. அதில் நமக்குக் குறையில்லை. வசதி படைத்தோரின் நினைவுக்கு நிலமும் கிடைக்கிறது, பராமரிக்க ஆளும் கிடைக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

பக்கத்து இராயப்பேட்டையிலிருந்து 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கினார். மறு ஆண்டே அது ‘தமிழன்’ ஆயிற்று. 1914இல் பண்டிதர் மறைந்தார். அவர் எழுத்தைக் காத்தது யார்? எந்த மரபுக் கழகமும் அல்ல. கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் உழைத்த நம் மக்கள். அங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலை அவற்றை நூல்களாக அச்சிட்டது. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தது. அதன் பிறகே ஆய்வுலகம் அவரைப் பரவலாகப் பேசியது. கிண்டியில் அரசு மணிமண்டபம் திறந்தது 2023இல். அவர் மறைந்து 109 ஆண்டுகள் கழித்து.

பூங்காவைத் தினமும் கூட்டிப் பெருக்குகிறவர்களுக்கும் இந்த நகரில் வரலாறு உண்டு. லஸ்ஸில் தொடங்கும் மரபு நடை இராயப்பேட்டை வரை நீளட்டும். ‘தமிழன்’ இங்கிருந்துதான் வந்தது என்று அங்கே ஒரு பலகை நிற்கட்டும். கேட்பது தயவல்ல, நம் பங்கு.