கள்ளுக்கடையும் கல்லூரி வளாகமும்: கிள்ளான் வட்டாரத்தில் போதை குறித்த விதிகளின் வரலாறு

மலேசியப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் மதுவோடோ போதைப்பொருளோடோ பிடிபட்டால் என்ன நேரும் என்னும் வினாவுக்குச் சட்ட நூலைப் புரட்டி விடை கூறிவிடலாம். அவ்விதிகள் எவ்வாறு உருவாயின, தமிழ்ச் சமூகத்திற்கு அவற்றோடு என்ன உறவு என்பன சற்றுக் கடினமான வினாக்கள். கிள்ளான் வட்டாரத்தை முன்வைத்து அவற்றை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

தோட்டப்புறத்தில் கள் என்பது நிருவாகத்தின் ஏற்பாடாகவே இருந்தது. நகரங்களில் அரசாங்கக் கள்ளுக்கடைகளும், ரப்பர்த் தோட்டங்களில் உரிமம் பெற்று நிருவாகமே நடத்திய கடைகளும் இயங்கின. தோட்டக் கடைகளின் இலாபம் தொழிலாளர் நலனுக்கான பொது நிதியில் சேர்ந்து, கோயில் திருவிழாவுக்கும் விளையாட்டுக்கும் செலவிடப்பட்டது. தொழிலாளி குடித்த காசில் ஒரு பங்கு அவனுக்கே திருவிழாவாகத் திரும்பி வந்தது எனலாம். இந்த ஏற்பாடு குறித்து ஆட்சியாளருக்கே ஐயம் எழாமல் இல்லை. சிலாங்கூரின் கடலோர மாவட்டங்களில் கள் தவறாகப் பயன்படுத்தப்படுவதாக எழுந்த புகார்களை விசாரித்த ஆணையத்தின் அறிக்கை 1917இல் வெளிவந்தது. எனினும் கடைகள் தொடர்ந்தன. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. பல தோட்டங்களில் அப்பள்ளியின் ஆசிரியர் கங்காணியாகவோ கிராணியாகவோ இருந்தார். பள்ளியைக் காட்டிலும் கள்ளுக்கடையே ஒழுங்காக நடந்தது என்று கூறுவது மிகையாகாது.

இந்நிலையில்தான் 1941ஆம் ஆண்டின் கிள்ளான் வேலைநிறுத்தங்கள் நிகழ்ந்தன. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் தலைவராக விளங்கிய ஆர்.எச். நாதன் 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றியவர். அவரும் ஒய்.கே. மேனன் போன்றோரும் வழிநடத்திய போராட்டத்தில் தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகள் பன்னிரண்டு. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, மருத்துவ வசதி, பெண்கள்மீதான அத்துமீறலுக்கு முடிவு, துரைமார் எதிரே மிதிவண்டியிலிருந்து இறங்கவேண்டிய வழக்கத்தை ஒழித்தல் ஆகியவை வரலாற்று நூல்களில் பெரிதும் பேசப்படுகின்றன. அவற்றோடு வைக்கப்பட்ட மூன்று கோரிக்கைகள் இங்கு நமக்கு முதன்மையானவை: பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல், பேச்சுரிமையும் கூடும் உரிமையும். மதுவிலக்கை மேலிருந்து ஓர் அரசு இவர்கள்மீது திணிக்கவில்லை. குடிப்பவர், குடிகாரர் என்று இகழப்பட்ட அந்தத் தொழிலாளர்களே அதைக் கேட்டனர். கல்வியோடும் உரிமையோடும் சேர்த்தே கேட்டனர்.

விடை துப்பாக்கியாக வந்தது. மே 5ஆம் நாள் நாதன் கைது செய்யப்பட்டுப் பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். மே 16இல் சிலாங்கூரில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு, இந்தியப் படையினரே இந்தியத் தொழிலாளரை அடக்க அனுப்பப்பட்டனர். தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படை இதே கள்ளெதிர்ப்பைக் கையிலெடுத்தது. 1947இல் பீடோங்கில் அது காவல்துறையோடு மோதி ஒடுக்கப்பட்டது.

விடுதலைக்குப் பின்னர்ச் சட்டத்தின் பார்வை கடையிலிருந்து ஆள்மீது திரும்பியது. 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைமருந்துச் சட்டத்தில் கடத்தலுக்கு மரண தண்டனை 1975இல் சேர்க்கப்பட்டது. 1983இல் அது கட்டாயமாயிற்று. 2018 முதல் நீதிபதிக்குச் சில சூழல்களில் விருப்புரிமை கிடைத்தது; 2023இல் கட்டாயத் தன்மை நீக்கப்பட்டது. 1983 பிப்ரவரி 19ஆம் நாள் பிரதமர் மகாதீர் போதைப்பொருளை நாட்டுப் பாதுகாப்பின் முதன்மையான அச்சுறுத்தலாக அறிவித்ததும், அவ்வாண்டே போதைக்கு அடிமையானோரைக் கட்டாய மறுவாழ்வு நிலையத்திற்கு அனுப்பும் சட்டம் வந்ததும் இதன் தொடர்ச்சியே.

மாணவர் ஒழுங்கு விதிகளின் ஊற்று வேறிடத்தில் உள்ளது. 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக, பல்கலைக்கழகக் கல்லூரிச் சட்டம் 1969க்குப் பிந்திய அரசியலிலிருந்து பிறந்தது. 1974இன் இறுதியில் பாலிங் விவசாயிகளுக்காக மாணவர்கள் தெருவில் இறங்கிய பின், 1975இல் அது கடுமையாக்கப்பட்டது. அச்சட்டத்தின் கீழ் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு 1999இல் வகுக்கப்பட்ட ஒழுங்கு விதிகள் வளாகத்திற்குள் மது அருந்துவதையும் வைத்திருப்பதையும் குடிமயக்கத்தில் காணப்படுவதையும் குற்றமாக்கின. போதைமருந்துக்கும் தனி விதி இருந்தது. எச்சரிக்கை, இருநூறு ரிங்கிட் வரை அபராதம், இடைநீக்கம், வெளியேற்றம் எனத் தண்டனை படிப்படியாக ஏறியது. அதே விதித்தொகுப்புதான் ஒலிபெருக்கியையும் பதாகையையும் அனுமதியற்ற கூட்டத்தையும் தடுத்தது. 1941இல் கள்ளுக்கடையை மூடுங்கள், கூட்டம் கூட விடுங்கள் என்று ஒரே மூச்சில் கேட்டார்கள் அல்லவா? அவர்களின் பேரப்பிள்ளைகள் நுழைந்த வளாகத்தில் மதுவும் கூட்டமும் ஒரே பட்டியலில் தடைசெய்யப்பட்டிருந்தன. இம்முரணை நம் ஆய்வுகள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

அபராதத்தைவிடக் கனமான விளைவு ஒன்று 1975இன் திருத்தத்தில் இருந்தது. பதிவுக்குரிய குற்றம் சாட்டப்பட்ட மாணவர் உடனடியாக இடைநீக்கம் பெற்றார். வழக்கு முடியும்வரை எந்தப் பல்கலைக்கழக வளாகத்திலும் கால்வைக்கக் கூடாது. குற்றம் மெய்ப்பிக்கப்படும் முன்னரே படிப்பு நின்றது. தடுப்புக்காவலில் வைக்கப்பட்டவர் மாணவர் என்னும் தகுதியையே இழந்தார். போதைப்பொருள் கடத்தல் தொடர்பாகத் தடுத்துவைக்க 1985இல் தனிச் சட்டம் வந்தபின் இதன் வீச்சு மேலும் விரிந்தது. 2009ஆம் ஆண்டுத் திருத்தம்தான் இடைநீக்கத்தைத் துணைவேந்தரின் முடிவுக்கு விட்டது. முப்பத்து நான்கு ஆண்டுகள் நீண்ட காலம்.

இக்கட்டுரையாளர் முனைவர்ப் பட்டத்திற்குப் பயின்ற வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் மாணவர் மன்றக் கட்டடத்திலேயே மதுக்கூடம் இருந்தது. அதை வியப்போடு கண்ட நினைவு இன்றும் உண்டு. நம் நாட்டு நிலை வேறு. முஸ்லிம் மாணவருக்கு ஷரியா சட்டமும் பொருந்தும். முஸ்லிமல்லாதார் மது வாங்கும் குறைந்தபட்ச வயது 2017 டிசம்பர் 1 முதல் பதினெட்டிலிருந்து இருபத்தொன்றாக உயர்ந்தது. இருபத்தொரு வயது நிரம்பியவர் பிரிக்பீல்ட்ஸ் கடையொன்றில் முறையாக வாங்கும் பீர் டப்பா, வளாகத்தின் வாயிலைத் தாண்டியதும் ஒழுங்குமீறலாகிவிடுகிறது. சட்டத்துக்கும் ஒழுங்கு விதிக்கும் இடையிலான இவ்வேறுபாட்டைப் புதிய மாணவர் பலர் அறிவதில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீட்டுமனைகளாகியும் மறைந்தபோது குடும்பங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கின் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்தன. கள்ளின் இடத்தை மலிவான சம்சு பிடித்தது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அதனை எதிர்த்துப் பல்லாண்டுகள் இயக்கம் நடத்தியது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் மெத்தனால் கலந்த மதுவால் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அயல்நாட்டுத் தொழிலாளர். தோட்டத்துக் கூலியின் இடத்திற்கு இன்று வந்திருப்போர் அவர்களே.

அக்குடியிருப்புகளிலிருந்துதான் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள் பல்கலைக்கழகத்திற்கு வருகின்றனர். ஒழுங்கு விதிகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் அரசிதழில் வெளியானவை. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்ற பெற்றோர் பலருக்கு அவை எட்டுவதில்லை. ஒழுங்கு நடவடிக்கைக் கடிதம் வீட்டுக்கு வந்தால், அதைப் படித்துப் பொருள் சொல்லுமாறு பக்கத்துத் தமிழாசிரியரிடமே எடுத்துச் செல்கின்றனர்.